துணைக்கு யார் வருகிறார்கள்?

முதுகலை வகுப்பில் தொல்காப்பிய அகத்திணையியலைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்துகிறேன். பிரிவைப் பற்றிப் பேசும் இடத்தில், கடல்வழிப் பயணத்தில் தலைவன் தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்ற கருத்தில் ஒரு நூற்பா வரும். ஒரு வரிதான். உரையாசிரியர்கள் சொன்னதைச் சொல்வேன். "இரண்டு மதிப்பெண் வினாவில் வரும், குறித்துக்கொள்ளுங்கள்" என்பேன். அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் ஒரு மாணவி எழுந்து நின்றாள். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். "அம்மா, எங்க அம்மா கடலுக்குள்ளதான் போறாங்க. பாசி எடுக்க."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் பெண்கள் படகேறிப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, பாறைகளிலிருந்து கடற்பாசியைப் பிய்த்து எடுத்து வருவதைச் சொன்னாள். கை கிழியாமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வார்களாம். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. காலுக்கு ரப்பர் செருப்பு. நூற்பாவின் காலம் வேறு, அது தலைமக்களுக்குச் சொன்னது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் விடவில்லை.

"நீங்க கடலுக்குள்ள போயிருக்கீங்களாம்மா?"

போனதில்லை. திருச்செந்தூரில் முழங்கால் வரை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறை வரை, படகில். நெய்தல் பாடல்களில் முனைவர் பட்டம் வாங்கியவளின் கடல் அனுபவம் இவ்வளவுதான். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். தலைவன் வரவில்லை, தேர் வரவில்லை, பொழுது போய்விட்டது என்று கரையில் நின்று வருந்துவது தலைவியின் வேலை. அந்த வருத்தத்தை முந்நூறு பக்கத்தில் ஆராய்ந்திருக்கிறேன். அவளை ஏன் யாரும் படகில் ஏற்றவில்லை என்று ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தோழிகள் இருவரிடம் சொன்னேன். ஒருத்தி எங்கள் கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவள். இன்னொருத்தி என் பள்ளித் தோழி, வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள், கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கு ஏலச்சீட்டுப் பணம் வந்திருந்தது. விலங்கியலிடம் சேமிப்பு இருந்தது. தையல்காரி பொங்கலுக்கு முந்திய வாரம் வரை தைத்தால் செலவைத் தேற்றிவிடலாம் என்றாள். ஒரு தீவுக்குப் போவது, கடலுக்குள் இறங்குவது என்று முடிவானது. எந்தத் தீவு என்பதுதான் பாக்கி.

பயண முகவர் ஒருவரிடம் போனோம். "மாலத்தீவு சூப்பரா இருக்கும் மேடம், ஹனிமூன் பேக்கேஜ்ல நல்ல ஆஃபர் ஓடுது" என்று ஆரம்பித்தார். மூன்று பேரும் நாற்பதைக் கடந்தவர்கள், மூன்று பேரும் பெண்கள் என்பதைக் கவனித்துவிட்டு, "ஃபேமிலி பேக்கேஜும் இருக்கு. துணைக்கு யார் வர்றாங்க?" என்றார்.

"நாங்கதான் ஒருத்தருக்கொருத்தர் துணை" என்றாள் தையல்காரி.

"இல்லம்மா, ஜென்ட்ஸ்?"

மாலத்தீவை விட்டதற்கு அவர் மட்டும் காரணம் இல்லை. அங்கே பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு சொகுசு விடுதி. ஊர்மக்கள் வாழும் தீவு வேறு, விருந்தாளி படுத்துக்கிடக்கும் தீவு வேறு. மக்கள் வாழும் தீவுகளில் சுற்றுலாவுக்கான விருந்தினர் இல்லங்களைப் பெருமளவில் அனுமதித்ததே 2009க்குப் பிறகுதான். ஐந்து நாள் வெள்ளை மணலில் படுத்திருந்து, அந்த நாட்டுப் பெண் ஒருத்தியிடம்கூடப் பேசாமல் திரும்பிவருவதில் எங்களுக்கு ருசி இல்லை. எங்கள் பணத்துக்கு அது எட்டவும் இல்லை.

மிஞ்சியவை இரண்டு. மேற்கே லட்சத்தீவு, கிழக்கே அந்தமான். விடைத்தாள் கட்டிலிருந்து எழுதாத பக்கமாகப் பார்த்து ஒரு தாளைக் கிழித்து, நடுவில் கோடு போட்டேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் தினசரியிலிருந்து தலையை எடுக்காமலே, "தாராளமா போயிட்டு வா" என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்தத் 'தாராளமா' எனக்கு உறுத்தியது. தாராளம் என்பது கையில் வைத்திருப்பவர் கொடுப்பது. அவர் சென்ற ஆண்டு நண்பர்களோடு கொடைக்கானல் போனபோது, "வெள்ளிக்கிழமை கிளம்புறோம்" என்று தகவல்தான் சொன்னார். நானும் தகவல்தான் சொன்னேன். அது அவர் காதுக்குள் போகும்போது விண்ணப்பமாகிவிட்டது.

மாமியார் கேட்டது வேறு. "பொங்கலுக்கு மருமக இல்லாம வாசல்ல பானை வைக்கிறதா?"

பொங்கல் விடுமுறையை விட்டால் எங்கள் மூவருக்கும் ஒன்றுபோல் நாள் கிடைக்காது. மே மாதம் கல்லூரிக்கு விடுமுறைதான், ஆனால் அந்த மாதத்தின் பின்பாதியில் தென்மேற்குப் பருவமழை அந்தமானை எட்டிவிடும், லட்சத்தீவுக் கடலும் கெட்டுப்போகும். டிசம்பரில் வங்கக் கடலை நம்ப முடியாது. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக், நீல் தீவுகளில் சிக்கிக்கொண்டார்கள். ஜனவரியில்தான் இரண்டு பக்கமும் கடல் அடங்கியிருக்கும். கடலின் பஞ்சாங்கமும் வீட்டின் பஞ்சாங்கமும் முட்டிக்கொண்டன. "இந்த வருசம் உங்க மகன் பானை வைக்கட்டும் அத்தை" என்றேன். இரண்டு நாள் என்னோடு அவர் பேசவில்லை.

என் மனம் லட்சத்தீவின் பக்கம் சாய்ந்திருந்தது. அதற்குக் காரணம் கடல் அல்ல, ஒரு புத்தகம். மானிடவியலாளர் லீலா துபே கல்பேனித் தீவை முன்வைத்து எழுதி 1969இல் வெளிவந்த, தாய்வழிச் சமூகமும் இசுலாமும் பற்றிய ஆய்வு. முனைவர் பட்டக் காலத்தில் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். முப்பத்தாறு தீவுகள், எல்லாம் சேர்த்தும் 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 64,473. ஏறக்குறைய அனைவரும் முசுலிம்கள். அங்கே வம்சம் தாய்வழியில் போகிறது. கல்பேனியில் மணமான பிறகும் பெண் தன் தாயின் தறவாட்டிலேயே இருக்கிறாள். கணவன் இரவில் வருகிறான், காலையில் தன் தாய்வீட்டுக்குத் திரும்பிப்போகிறான். சொத்தில் இரண்டு வகை. தறவாட்டுக்கு உரிய, தாய்வழியில் இறங்கும் பொதுச்சொத்துக்கு வெள்ளிக்கிழமைச் சொத்து என்று பெயர். ஒருவர் தானே சம்பாதித்ததும், இசுலாமியச் சட்டப்படி பங்கிடப்படுவதும் திங்கட்கிழமைச் சொத்து.

இதை ஓர் இரவு சாப்பிடும்போது மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னோடு பேசாமல் இருந்த மாமியார் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப பொண்ணு வீட்டை விட்டு வெளிய போகவே வேண்டாமா?"

"வேண்டாம் அத்தை."

"யாரும் வந்து கையெழுத்துப் போடுன்னு கேக்க மாட்டாங்களா?"

அவர் தன் அண்ணன்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தவர். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, ஒரு சேலையும் இரண்டு வேளைச் சாப்பாடும் வாங்கிக்கொண்டு, பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. 1989இல் தமிழ்நாடு பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்துச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே மணமானவர்களை அது விலக்கிவைத்தது. அத்தை அதற்கு முன்பே மணமானவர். "வெள்ளிக்கிழமைச் சொத்து" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். மறுநாளிலிருந்து என்னோடு பேசினார்.

மினிக்காய் இன்னும் ஆசையைக் கிளப்பியது. ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலில் வேலைக்குப் போய்விடும் தீவு. அங்கே கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஆண் தலைவரைப் போலவே பெண் தலைவரும் உண்டு. அவரைப் போடுதாத்தா என்பார்கள். மாலத்தீவின் திவெயி மொழிக்கு உறவான அவர்களின் மஹல் பேச்சில் அதற்குப் பெரியக்கா என்று பொருள். நம் இலங்கை முசுலிம் தமிழிலும் தாத்தா என்றால் அக்காதானே! ஆண் கடலுக்குப் போனான், பெண் கரையில் நின்றாள் என்ற அதே நெய்தல்தான். ஆனால் நின்றவள் இரங்கிக்கொண்டிருக்கவில்லை, ஊரை நடத்திக்கொண்டிருந்தாள்.

நான் இதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனபோது விலங்கியல்காரி கேட்டாள்: "நீ கடலுக்குள்ள எறங்கப் போறியா, அவங்க வீட்டுக்குள்ள எறங்கப் போறியா?"

சுருக்கென்றது. லட்சத்தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். மண்ணின் மக்கள் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினர், அவர்களைக் காப்பதற்கான ஏற்பாடு அது. கொச்சியிலிருந்து போகும் சுற்றுலாக் கப்பல் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று தீவுக்கு ஒரு பகல் காட்டும். இரவு கப்பலில்தான் தூக்கம். ஒரு பகலில் நான் என்ன பார்ப்பேன்? தென்னந்தோப்பைப் பார்ப்பேன், சூரை மீன் தின்பேன், எதிரில் வரும் பெண் ஒவ்வொருத்தியையும் 'இவள் தறவாட்டுக்காரி' என்று மனத்துக்குள் குறித்துக்கொள்வேன். ஐம்பதாண்டுக்கு மேல் பழைய ஒரு நூலுக்கு அவர்களை அடிக்குறிப்பு ஆக்கிவிட்டு வருவேன். கட்மத்தில் முக்குளிக்க வசதி உண்டுதான். ஆனால் என் தாளில் லட்சத்தீவுப் பக்கம் கட்மத் என்ற பெயரே இல்லை. முழுக்க முழுக்க மற்றவர்களுடைய அடுக்களை.

அந்தமான் பக்கத்தையும் அதே கண்ணோடு திருத்தினோம். சுற்றுலா விளம்பரங்கள் எல்லாம் பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் 'சாகசப் பயணம்' என்கின்றன. அங்கே போகும் பெருஞ்சாலை ஜாரவா மக்களின் காப்புக் காட்டை ஊடறுத்துப் போகிறது. 2002இலேயே உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையின் அப்பகுதிகளை மூடச் சொன்னது. 2012 ஜனவரியில் ஒரு காணொளி வெளிவந்தது. உணவைக் காட்டி ஜாரவா பெண்களை ஆடச் சொல்லும் காணொளி. நாங்கள் மூவரும் அந்த வருடம் அதைச் செய்தியில் பார்த்தவர்கள். பாராடாங்கை ஒரே கோட்டில் அடித்தோம்.

அந்தமானுக்கு என் மனத்தில் மூன்று பெண்களின் முகம் இருந்தது. ஒருத்திக்குப் பெயர் கிடையாது. 1858இல் ஆங்கில அரசு அங்கே தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கியது. பெண் கைதிகளையும் அனுப்பியது. சில ஆண்டுகள் தண்டனை கழித்த பிறகு, நிலம் பெற்றுப் பிழைக்கும் ஆண் கைதி ஒருவரை அரசின் அனுமதியோடு மணந்துகொள்ளலாம். குடியேற்றத்தை நிலைக்கவைக்க அவளுடைய வயிறு தேவைப்பட்டது. செல்லுலார் சிறை கட்டப்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1896க்கும் 1906க்கும் இடையே. நாம் பாடநூலில் படிப்பதெல்லாம் அந்தச் சிறையைத்தான்.

இரண்டாமவர் போவா முதியவள். போ என்ற மொழியைப் பேசிய கடைசி மனிதர். 2010 ஜனவரியில் இறந்தார். அவர் பேச்சைப் பதிவு செய்த மொழியியலாளர் அன்விதா அப்பியும் ஒரு பெண்தான். தன் மொழியில் பதில் சொல்ல ஆளில்லாமல் போவா பல ஆண்டுகள் வாழ்ந்தார். தமிழ்த்துறையில் உட்கார்ந்துகொண்டு தமிழின் எதிர்காலம் பற்றிக் கருத்தரங்கு நடத்தும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

மூன்றாமவர் மதுமாலா சட்டோபாத்யாய். இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் ஆய்வாளர். 1991 ஜனவரியில் வடக்கு சென்டினல் தீவுக்குப் போன குழுவில் இருந்த ஒரே பெண். தண்ணீரில் மிதக்கவிட்ட தேங்காய்களை எடுக்கச் சென்டினல் மக்கள் கடலுக்குள் இறங்கி வந்த அந்த நாளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். என் கண்ணில் நின்றது வேறொரு தகவல். களப்பணிக்குப் போகும் முன், ஆபத்தை அறிந்தே போகிறேன், எது நடந்தாலும் அரசிடம் இழப்பீடு கேட்க மாட்டேன் என்று அவர் எழுதிக்கொடுத்தார். அவருடைய பெற்றோரும் அதேபோல் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஓர் ஆய்வாளருக்கு, வீட்டாரின் கையெழுத்து. பிறகு அந்தத் தொடர்புப் பயணங்களையே அரசு நிறுத்திவிட்டது. இன்று அந்தத் தீவை நெருங்குவதே குற்றம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 2018இல் தடையை மீறிப் போன ஓர் அமெரிக்க இளைஞர் அங்கே கொல்லப்பட்டார். யாரும் கால்வைக்காத இடத்தில் முதலில் கால்வைப்பதுதான் சாகசம் என்று ஆண்கள் எழுதிய பயண நூல்கள் நமக்குச் சொல்லிவந்திருக்கின்றன. அங்கே ஏற்கெனவே கால்கள் இருக்கின்றன என்பது அவற்றுக்குத் தோன்றுவதில்லை.

தாளின் இரண்டு பக்கமும் இப்படி நிறைந்திருந்தது. முடிவு வரவில்லை. கடைசியில் தையல்காரிதான் கேட்டாள். அவள் பிறந்தது தாமிரபரணிக் கரையில், மீன்குஞ்சு மாதிரி நீந்துவாள். "இவ்ளோ பேசுறியே, உனக்குத் தண்ணின்னா பயந்தானே?"

விருதுநகர்ப் பக்கம் எங்கள் ஊர். ஆறு கிடையாது. கிணறுதான். பத்து வயதில் அண்ணன் என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டான். மூன்று கோடை விடுமுறை. கையைக் காலை அடிக்கப் பழகியிருந்தேன். குடுக்கையை அவிழ்த்துவிட்டு நீந்தவேண்டிய நான்காம் கோடைக்கு முன் பெரியபிள்ளை ஆகிவிட்டேன். "இனிமே கெணத்துப் பக்கம் உன்னைப் பாக்கக் கூடாது" என்றார் பெரியப்பா. அண்ணன் மோட்டார் அறைக் கூரையிலிருந்து குதிக்கும் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். எங்கள் ஊரில் வயதுக்கு வந்த பெண் கிணற்றுக்குள் போனாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. கயிற்றுக் கட்டிலைக் கட்டி இறக்கி எடுப்பார்கள். அப்படி எடுத்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். குதித்த பிறகு மனம் மாறியிருந்தாலும் ஏறிவரத் தெரியாதவர்கள். தெரியாமல் வைக்கப்பட்டவர்கள்.

அதை அவர்களிடம் சொன்னபோது, சுனாமியைப் பற்றி நான் வகுப்பில் ஒருபோதும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள், இறந்த ஆண்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆண்கள் பலர் படகில் கடலுக்குள் இருந்தார்கள், ஆழமான இடத்தில் அலை படகின் அடியில் கடந்து போய்விட்டது. பெண்கள் மீன் வரும் என்று கரையில் காத்திருந்தார்கள். கரைதான் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று எண்ணித்தான் நம் திணைமரபே அவளை அங்கே நிறுத்திவைத்தது. அன்றைக்குக் காத்திருந்தவர்கள்தான் செத்தார்கள். நெய்தலைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதிய எனக்கு, அந்த அறிக்கையைப் படித்தபிறகு என் ஆய்வேட்டைத் திறக்கக் கை வரவில்லை.

"அப்ப நீ எங்க கத்துக்கணும்?" என்றாள் தையல்காரி.

அதற்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது. பயந்தால் நான் தமிழில்தான் கத்துவேன். அதைப் புரிந்துகொள்ளும் ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் குடும்பங்களை அரசு நிக்கோபாரின் கச்சால் தீவு வரை கொண்டுபோய் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தது. போர்ட் பிளேரில் தமிழ் கேட்காத தெரு இல்லை. இவ்வளவு நாள் தாளில் எழுதிய எதுவும் தீர்மானிக்கவில்லை. முப்பத்து மூன்று வருடத்துப் பயம் தீர்மானித்தது. அந்தமான்.

போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஹேவ்லாக் 2018இலிருந்து சுவராஜ் தீவு. விமானத்தில் சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், பிறகு படகு. படகில் விலங்கியல் வாந்தி எடுத்தாள். தையல்காரி யாரோ ஒரு வங்காளிப் பாட்டியோடு மொழியே இல்லாமல் வெற்றிலை போட்டாள்.

முக்குளிப்புக் கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, கர்ப்பமா. முழுக்கப் படித்தேன். கணவர் அல்லது தந்தை பெயர் என்ற கட்டம் இல்லை. கீழே ஒரே ஒரு கையெழுத்து, என்னுடையது.

சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். போர்ட் பிளேரில் பிறந்தவள், வீட்டில் தமிழ், தெருவில் இந்தி. உடலை ஒட்டிய ரப்பர் உடைக்குள் நாற்பத்தாறு வயது வயிற்றைத் திணித்து ஜிப்பை இழுத்துவிட்டபடி, "அக்கா, மூணே ரூல்தான்" என்றாள். மூச்சை அடக்கக் கூடாது, விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதவேண்டும். தண்ணீருக்குள் பேச முடியாது, அதனால் கை ஜாடை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் என்றால் நன்றாக இருக்கிறேன். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகலாம். முதன்முறை இறங்குபவர்களை 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோக மாட்டார்கள்.

இறங்கினோம். காதில் அழுத்தம். ஊதினேன், விட்டது. கீழே பவளப்பாறையும் மஞ்சள் வரி மீன்களும் தெரிந்தன. அவள் என்னைப் பார்த்து 'எப்படி இருக்கு?' என்பதுபோல் கையை அசைத்தாள். மகிழ்ச்சி தாங்காமல் கட்டைவிரலை உயர்த்தி, 'சூப்பர்' என்று காட்டினேன். அவள் உடனே என்னை மேலே கொண்டுபோய்விட்டாள்.

"என்னக்கா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலையே, நல்லாருக்குன்னுதானே சொன்னேன்!"

படகுக்காரர்வரை சிரித்தார்கள். மறுபடி இறங்கினோம். இந்த முறை பயம் வந்தது. வாயில் கடித்திருந்த குழாயைத் துப்பிவிட்டு ஓடவேண்டும் போலிருந்தது. கிணற்றுச் சுவரின் பாசி வாடை, தண்ணீருக்குள் வாடையே தெரியாது என்று தெரிந்தும், மூக்கில் அடித்தது. அவள் என் கண்ணுக்கு நேரே வந்து, தன் மார்பில் கையை வைத்து மூச்சை விட்டுக் காட்டினாள். நானும் விட்டேன். குமிழிகள் மேலே போயின. இன்னொன்று விட்டேன். கட்டைவிரலை உயர்த்தியிருக்கலாம், என்னைக் கொண்டுபோய்க் கரையில் விட்டிருப்பாள். வட்டம் காட்டினேன்.

எவ்வளவு ஆழம் என்று பிறகு கேட்டதற்கு ஆறு மீட்டர் என்றாள். எங்கள் ஊர்க் கிணற்றின் கோடைக்காலத் தண்ணீர் அளவு அது. விலங்கியல் பார்த்த உயிரினங்களின் பெயர்களை ஒரு பக்கம் எழுதினாள். தையல்காரி, "சுரிதார் போட்டு முங்குறதவிட இது லேசா இருக்கு, இந்தத் துணி எங்க கிடைக்கும்?" என்று விசாரித்தாள். போகிப் பண்டிகை அன்று மகள் படம் அனுப்பினாள். பழைய பாயைக் கொளுத்தும் தன் அப்பா. மறுநாள் இன்னொரு படம். பானை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது, அத்தை இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

திரும்பி வந்ததிலிருந்து ஞாயிறு காலை, பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் நீச்சல் குளத்துக்குப் போகிறேன். இன்னும் மிதக்கத்தான் வரவில்லை. அந்த லட்சத்தீவுப் பாதித் தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. கப்பலில் முழங்கால்வலிக்காரர்களை ஏற்றுவார்களா என்று அத்தை ஒருமுறை கேட்டார்.

அந்த மாணவியிடம் வராந்தாவில் சொன்னேன், கடலுக்குள் போய்வந்தேன் என்று. கண் விரிய எல்லாவற்றையும் கேட்டாள். முகக்கண்ணாடி, சிலிண்டர், ரப்பர் உடை, கூடவே வந்து கையைப் பிடித்துக்கொள்ளும் ஆள்.

"எவ்வளவும்மா வாங்குனாங்க?"

சொன்னேன். அவள் மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். எத்தனை கிலோ பாசி என்றுதான் போட்டிருப்பாள். பிறகு சிரித்தாள்.

"எங்க ஊருக்கு வாங்கம்மா. எங்கம்மா சும்மாவே மூச்சுப் பிடிக்கக் கத்துக்குடுப்பாங்க."

மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள். மதுரையிலிருந்து ஒரு காலைப் பேருந்துத் தூரம். 1986இலிருந்து அவை தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுக்கப் போனால் வனத்துறை பிடிக்கும் என்று அம்மாவுக்கு எப்போதும் பயம் என்றாள் அவள். மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான் என்று அவ்வளவு நாள் கோடு போட்டு எழுதிய தாளில் அந்தத் தீவுகளில் ஒன்றின் பெயரைக்கூட நான் எழுதியிருக்கவில்லை.